வருடத்துக்கு 88 சென்ட் வாடகை, தினம் மூன்று ஜெபம்

ஜெர்மனியில் ஆக்ஸ்புர்க் என்று ஒரு ஊர். அங்கே ஃபுக்கரை என்ற பெயரில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. 67 வீடுகள், 140 குடித்தனங்கள், ஏறக்குறைய 150 பேர். வாடகை எவ்வளவு தெரியுமா? 88 சென்ட். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு! 1521-ல் 'வருடத்துக்கு ஒரு ரைன் கில்டர்' என்று எழுதி வைத்தார்கள். 500 வருடம் தாண்டியும் அதை ஏற்றவே இல்லை. (மின்சாரம், தண்ணீர் எல்லாம் தனி. இரவு 10 மணிக்கு மேல் வந்தால் வாசல் காவலருக்குச் சின்னதாக அபராதமும் உண்டு. நம்ம ஹாஸ்டல் மாதிரிதான்.)

வாடகையோடு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் தினமும் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒன்று, மரியாளை நோக்கிய ஜெபம் ஒன்று, விசுவாச அறிக்கை ஒன்று. யாருக்காக? தங்களுக்காக இல்லை. வீட்டைக் கட்டிக் கொடுத்த யாக்கோபு ஃபுக்கருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும். அவர் இறந்தது 1525-ல்.

ஒப்பந்தச் சட்டத்தில் முதலில் சொல்லித் தருவது 'மறுபயன்'. நான் ஒன்று கொடுத்தால் பதிலுக்கு நீ ஒன்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. இந்தக் குடியிருப்பைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியதும் அதுதான். இங்கே ஜெபம்தான் மறுபயனா? செத்துப்போன ஒரு பணக்காரருக்குக் கடவுளிடம் இரக்கம் வாங்கித் தர, உயிரோடு இருக்கும் ஏழைகளை ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்களா?

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இதற்குப் பின்னால் 1300 வருடக் கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

சிறையில் ஒரு அக்கா

கி.பி. 203, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். பெர்பெத்துவா என்ற பெண் சிறையில் இருக்கிறாள். வயது 22 இருக்கும், நம்ம வயதுதான். கையில் பால் குடிக்கும் குழந்தை. கிறிஸ்தவள் என்பதுதான் குற்றம். அந்த வருடம் மார்ச் 7-ஆம் தேதி அரங்கத்தில் கொல்லப்பட்டாள். அதற்கு முன்பு சிறையிலேயே ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்தாள். அது இன்றுவரை இருக்கிறது. ஒரு கிறிஸ்தவப் பெண் தன் கையால் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

அதில் ஒரு சம்பவம். ஒரு நாள் ஜெபம் செய்யும்போது, தான் நினைத்தே பார்க்காத ஒரு பெயர் திடீரென்று அவள் வாயில் வந்துவிடுகிறது. தினோக்ரட்டீஸ். அவளுடைய தம்பி. ஏழு வயதில் முகத்தில் புற்றுநோய் வந்து இறந்துபோனவன். அன்று இரவு அவனைக் காட்சியில் பார்க்கிறாள். இருட்டான ஓர் இடத்திலிருந்து வருகிறான். முகத்தில் அதே புண். தாகம். அவனருகே தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் விளிம்பு அவன் உயரத்துக்கு மேலே. எட்டி எட்டிப் பார்க்கிறான், எட்டவில்லை.

விழித்ததும் இரவும் பகலும் அவனுக்காக அழுது ஜெபிக்கிறாள். சில நாள் கழித்து மறுபடியும் காட்சி. இப்போது தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. முகத்தில் புண் இருந்த இடத்தில் தழும்பு மட்டும். வயிறு நிறையக் குடித்துவிட்டு, குழந்தைகள் ஓடுவதுபோல விளையாட ஓடுகிறான்.

சில நாளில் சாகப்போகிற பெண் தனக்காகக் கேட்கவில்லை, செத்துப்போன தம்பிக்காகக் கேட்கிறாள். அவளிடம் பணம் கிடையாது, பாதிரியார் கிடையாது, எத்தனை ஜெபம் என்ற எண்ணிக்கையும் கிடையாது. பிறருக்காக இரக்கம் கேட்பது என்றால் ஆரம்பத்தில் இவ்வளவுதான். ஒருத்தனுக்கு எட்டவில்லை, இன்னொருத்தி அவனுக்காகக் கேட்கிறாள்.

387-ல் இத்தாலியின் ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா இறக்கிறார். மகன் அகஸ்டின் மனம் மாற வேண்டும் என்று வருடக்கணக்கில் அழுது ஜெபித்த தாய். சாகும்போது அவர் பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் என்னை நினைத்துக் கொள்ளுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு தன் வரலாற்றை எழுதிய அகஸ்டின், அதைப் படிக்கிறவர்களும் தன் தாய் தந்தையைப் பலிபீடத்தில் நினைக்கும்படி கேட்டுக்கொண்டார். இதுவரை மகனுக்காகத் தாய் ஜெபித்தார், இப்போது தாய்க்காக மகன். இங்கேயும் கணக்கு இல்லை.

கணக்கு எப்போது நுழைந்தது?

910-ல் அக்கித்தேன் பிரபு வில்லியம் பிரான்சில் க்ளூனி என்ற இடத்தைத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சாசனத்திலேயே தன் ஆன்மாவுக்காக, மனைவிக்காக, பெற்றோருக்காக, தன் மன்னருக்காக என்று பட்டியல் இருக்கிறது. நிலம் கொடுத்தால் துறவிகள் நம் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். அப்போது யாருக்கும் இது தவறாகப் படவில்லை. சண்டை போட்டே வாழ்ந்த பிரபுக்கள் தங்களால் ஜெபிக்க முடியாது என்று தெரிந்து, அதற்கென்றே வாழ்கிறவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

994 முதல் 1049 வரை க்ளூனியின் தலைவராக இருந்த ஓதிலோ ஒரு நல்ல காரியம் செய்தார். நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள். அதற்கு மறுநாள், நவம்பர் 2-ல், இறந்துபோன விசுவாசிகள் எல்லோருக்காகவும் தன் மடங்கள் அனைத்தும் ஜெபிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். 'எல்லோருக்காகவும்' என்பதுதான் இதில் விஷயம். நிலம் கொடுத்தவர்களுக்கு மட்டும் இல்லை. கேட்க நாதியில்லாதவர்களுக்கும் சேர்த்து. நம்மூரில் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தியும் பூவுமாகப் போகிறோமே, அது இந்த உத்தரவின் தொடர்ச்சிதான்.

அதன்பின் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்பதற்கு லத்தீனில் தனிப் பெயர்ச்சொல்லே வந்துவிட்டது. இறந்தவர் பரலோகத்துக்கும் போகவில்லை, நரகத்துக்கும் போகவில்லை. சுத்தமாகும்வரை நடுவில் ஓர் இடத்தில் காத்திருக்கிறார். அங்கே இருப்பவர் தனக்குத்தானே உதவிக்கொள்ள முடியாது, உயிரோடு இருப்பவர்கள்தான் ஜெபத்தாலும் பூசையாலும் தானத்தாலும் உதவ முடியும். 1274-ல் லியோன் நகரில் கூடிய இரண்டாம் சங்கம் இந்த உதவி பலன் தரும் என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்தது.

இந்தக் கருத்தின் அழகான பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் தாந்தேயிடம் போக வேண்டும் (இறந்தது 1321). அவருடைய காவியத்தில் சப்பியா என்ற சியன்னா நகரத்துச் சீமாட்டி வருகிறாள். 1269-ல் தன் ஊர்க்காரர்கள் போரில் தோற்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், அவ்வளவு பொறாமை. கடைசி நேரத்தில்தான் மனம் திரும்பினாள். அப்படியிருந்தும் வெளியிலேயே காத்துக் கிடக்காமல் சீக்கிரம் உள்ளே வந்ததற்குக் காரணம் ஒருவரின் ஜெபம் என்கிறாள். யார் அவர்? பியெர் பெத்தினாயோ. சீப்பு விற்கிற வியாபாரி! சீமாட்டிக்காகப் பரிந்து பேசியவர் ஒரு சாதாரண சீப்புக் கடைக்காரர். உயிரோடு இருந்தபோது அவளுடைய அந்தஸ்துக்கு முன் நிற்கவே தயங்கியிருப்பார். மேலே போனதும் அவர் தயவு இவளுக்குத் தேவைப்படுகிறது. வணிகவியல் மாணவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும் :-)

ஆனால் 'உதவ முடியும்' என்றதும் அடுத்த கேள்வி தானாக வரும். எவ்வளவு? ஒரு பூசை பலன் தரும் என்றால் நூறு பூசை நூறு மடங்கு தருமா? 1509-ல் இறந்த இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி தன் உயிலில், இறந்த ஒரு மாதத்துக்குள் 10,000 பூசைகள் வைக்க வேண்டும் என்று எழுதினார். பூசைக்கு 6 பென்ஸ். வழக்கமாகக் கொடுத்தது 4 பென்ஸ், இவர் கூடக் கொடுத்தார். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆக மொத்தம் 250 பவுண்டு. இரக்கத்துக்கு விலைப்பட்டியல் வந்துவிட்டது.

பெர்பெத்துவா கேட்டதையேதான் ஹென்றியும் கேட்கிறார், அதில் மாற்றமில்லை. எண்ணிக்கையும் விலையும்தான் புதிது. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். 10,000 பூசைக்குக் காசு இல்லாத ஏழைக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரே ஆள், இரண்டு கணக்கு

இப்போது யாக்கோபு ஃபுக்கருக்கு வருவோம். பிறப்பு 1459. இளம் வயதில் வெனிஸ் நகரத்தில் வியாபாரம் கற்றவர். இரட்டைப் பதிவு முறையைப் பற்றி லூக்கா பச்சியோலி எழுதிய புத்தகம் 1494-ல் அச்சானதும் அதே வெனிஸில்தான். வெள்ளி, செம்புச் சுரங்கம், வங்கித் தொழில் என்று வளர்ந்து, பேரரசர்களுக்கே கடன் கொடுத்தார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர்.

1514-ல் அல்பிரெக்ட் என்ற இளவரசருக்கு மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவி கிடைக்கிறது. ஏற்கெனவே அவர் கையில் வேறு மறைமாவட்டங்கள் இருந்ததால் ரோமுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். கையில் காசில்லை. ஃபுக்கரிடம் கடன் வாங்கினார். கடனை அடைக்க வழி? போப் பத்தாம் லியோ அனுமதித்த 'பாவமன்னிப்புச் சீட்டு' விற்பனை. வசூலில் பாதி ரோமில் பேதுரு ஆலயம் கட்ட, மறுபாதி ஃபுக்கர் கடனுக்கு. பள்ளிப் புத்தகத்தில் தெட்சல் என்ற பெயரைப் படித்திருப்போமே, அவர் ஊர் ஊராகப் போய்ச் செய்த வசூல் இதுதான்.

அந்தப் பெயர் கொஞ்சம் தப்பர்த்தம் தரும். சபையின் போதனைப்படி சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கிற தண்டனையைத்தான் குறைக்கிறது. 1476-ல் போப் நான்காம் சிக்ஸ்துஸ் அதை இறந்தவர்களுக்கும் நீட்டினார். அங்கேதான் மக்கள் மனசு சிக்கியது. செத்துப்போன அம்மா தவித்துக் கொண்டிருக்கிறாள், இந்தச் சீட்டு வாங்கினால் வெளியே வருவாள் என்றால் எந்தப் பிள்ளை கையை இறுக்கிப் பிடிக்கும்? பெர்பெத்துவாவின் கண்ணீர்தான் இங்கே முதலீடு. அதன் மேல் கடன் வசூல் நடந்தது.

அதே ஃபுக்கர்தான் 1511-லேயே தன் பேரேட்டில் ஆக்ஸ்புர்க்கின் காவல் புனிதரான உல்ரிக் பெயரில் ஒரு கணக்கு திறந்து, 15,000 கில்டர் ஒதுக்கினார். அதிலிருந்துதான் ஃபுக்கரை எழுந்தது. 1516-ல் நகரத்தோடு ஒப்பந்தம், 1521-ல் அறக்கட்டளைச் சாசனம், 1523-க்குள் 52 வீடுகள். பிச்சை எடுக்காமல், உழைத்தும் வறுமையில் இருக்கிற உள்ளூர்க்காரர்களுக்குத்தான் வீடு.

ஒரே காலம், ஒரே ஆள். ஒரு கணக்கில் ஏழைகள் தங்கள் இறந்தவர்களுக்காக இரக்கம் கேட்கக் காசு கட்டுகிறார்கள், அதில் பாதி இவர் கடனுக்கு வருகிறது. இன்னொரு கணக்கில் இவர் தனக்கு இரக்கம் கேட்கச் சொல்லி ஏழைகளுக்கு வீடு கொடுக்கிறார்.

லூத்தர் கேட்ட கேள்வி

1517 அக்டோபர் 31, மார்ட்டின் லூத்தரின் 95 கருத்துகள். அதில் ஒன்று, சாதாரண ஜனங்கள் கேட்கிறார்கள் என்று அவர் எழுதும் ஒரு கேள்வி. போப்பால் ஆன்மாக்களை விடுவிக்க முடியும் என்றால், காசுக்காக ஏன் விடுவிக்க வேண்டும்? அன்பினாலேயே அந்த இடம் முழுவதையும் காலி செய்துவிடலாமே? (வார்த்தைகள் என்னுடையவை, சாரம் அவருடையது.)

இந்தக் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் கிடையாது என்பது என் அபிப்பிராயம். இரக்கம் கையில் இருக்கிறது, கொடுக்கவும் முடியும், ஆனால் காசு வந்தால்தான் கொடுப்பேன் என்றால் அதற்குப் பெயர் இரக்கம் இல்லையே.

அடுத்த வருடம், 1518 அக்டோபரில், லூத்தரை விசாரிக்க ஆக்ஸ்புர்க்குக்கு வரவழைத்தார்கள். விசாரித்தவர் கர்தினால் கஜெத்தான். விசாரணை நடந்த இடம் ஃபுக்கரின் மாளிகை! சினிமாவில் காட்டினால் நம்ப மாட்டோம்.

அதன் பிறகு நடந்தது தெரிந்ததுதான். சீர்திருத்த நாடுகளில் இறந்தவர்களுக்கான பூசைகள் நின்றன. இங்கிலாந்தில் அதற்கென்றே இருந்த அறக்கட்டளைகளை 1547-ல் சட்டம் போட்டுக் கலைத்துச் சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கத் தரப்பும் விழித்துக்கொண்டது. 1563-ல் திரெந்து சங்கம் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் ஜெபத்தையும் உறுதி செய்தது, ஆனால் அதை வைத்துக் காசு பார்ப்பதைக் கண்டித்தது. 1567-ல் போப் ஐந்தாம் பியுஸ் காசோடு சம்பந்தப்பட்ட சீட்டுகளை ரத்து செய்தார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது லூத்தரின் இன்னொரு முகம். பூசை வியாபாரத்தை அடியோடு எதிர்த்தவர், 1528-ல் தன் விசுவாசத்தை எழுதி வைக்கும்போது, இறந்த ஒருவருக்காக ஒருவர் தனியாக ஜெபிப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன் என்கிறார். ஒன்று அல்லது இரண்டு முறை கடவுளிடம் சொல்லுங்கள், அத்தோடு அவர் கையில் விட்டுவிடுங்கள் என்பது அவர் கருத்து.

ஏன் ஒன்றிரண்டு முறை? கணக்கு ஆரம்பிக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். கேட்டதைக் கடவுள் கேட்டுக்கொண்டார் என்று நம்பினால் எண்ண வேண்டியதில்லை. எண்ண ஆரம்பித்தால் நம்பவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் ஃபுக்கரை?

லூத்தரின் அளவுகோலில் பார்த்தால் ஃபுக்கரை தோற்றுத்தான் போகும். 150 பேர் தினம் ஒருமுறை ஜெபித்தால் வருடத்துக்கு 54,750 முறை. ஹென்றியின் 10,000 எல்லாம் பக்கத்திலேயே வர முடியாது.

முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். 'பணக்காரன் ஏழையின் வாயையும் வாடகைக்கு எடுத்துவிட்டான்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசிக்க யோசிக்க அது பாதி உண்மைதான் என்று தோன்றுகிறது.

ஒரு விஷயம், இந்த மறுபயனை வசூலிக்கவே முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு யார் மனதார ஜெபித்தார், யார் தூங்கிப்போனார் என்று எந்தத் தணிக்கையாளர் சோதிக்க முடியும்? பேரரசருக்குக் கொடுத்த கடனைக்கூடக் கறாராகத் திருப்பிக் கேட்டவர் ஃபுக்கர். அவரே இந்த ஒரு கணக்கை மட்டும் ஏழைகளின் மனசாட்சியை நம்பி எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொன்று, இங்கே யார் கடன்காரர்? தமிழில் 'கடன்' என்றால் வாங்கிய பணமும்தான், செய்ய வேண்டிய கடமையும்தான். நீத்தார் கடன் என்கிறோம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், மத்தேயுவின் கிரேக்க மூலத்தில், பாவத்துக்கு வருகிற சொல்லும் கடன் என்ற பொருள் கொண்டதே. ஐரோப்பாவே கடன்பட்டிருந்த ஒரு மனிதர், கடைசியில் தானும் கடனாளி, அதைத் தன்னால் அடைக்க முடியாது, நெசவாளியும் கூலிக்காரரும் தனக்காகக் கேட்க வேண்டும் என்று சாசனத்தில் ஒப்புக்கொள்கிறார். அந்தச் சீமாட்டியும் சீப்பு வியாபாரியும் கதைதான் மறுபடியும். இதற்காக மைன்ஸ் கடனை நான் மன்னித்துவிடவில்லை. ஆனால் தனக்கு இரக்கம் தேவை என்று தெரிந்திருந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. ஃபுக்கர் புதைக்கப்பட்டது ஆக்ஸ்புர்க்கின் புனித அன்னா ஆலயத்தில், அவர் குடும்பம் கட்டிய சிற்றாலயத்தில். அந்த ஆலயமே பின்னால் லூத்தரன் ஆலயமாகிவிட்டது! இறந்தவர்களுக்கான பூசையில் பலன் இல்லை என்று நம்புகிறவர்களின் நடுவில் அவர் படுத்திருக்கிறார். ஊரின் இன்னொரு பக்கத்தில் அவருக்காக ஜெபிக்கக் கத்தோலிக்க ஏழைகள். 1944 பிப்ரவரி குண்டுவீச்சில் ஃபுக்கரையின் பெரும்பகுதி அழிந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி அதே வாடகை, அதே ஜெபம். 1999 அக்டோபர் 31 அன்று லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் கடவுள்முன் ஏற்கப்படுவது அவன் சம்பாதித்த புண்ணியத்தால் அல்ல, கிருபையால் மட்டுமே என்பது அதன் சாரம். கையெழுத்தான இடம் அதே புனித அன்னா ஆலயம்.

கிருபை இலவசம் என்றால் பிறருக்காகக் கேட்பது எதற்கு என்று நண்பன் ஒருவன் கேட்டான். எனக்குத் தெரிந்த பதில் பெர்பெத்துவாதான். தொட்டியில் தண்ணீர் முதலிலிருந்தே இருந்தது. அவள் அதை விலை கொடுத்து வாங்கவில்லை. தம்பிக்கு எட்டவில்லையே என்று அவளுக்கு வலித்தது, கேட்டாள். அந்த வலி இல்லாத ஜெபம் பத்தாயிரம் இருந்தாலும் வெறும் எண்ணிக்கைதான். வலி இருந்தால் லூத்தர் சொன்ன மாதிரி ஒன்றிரண்டு போதும்.

வரும் நவம்பர் 2-ல் கல்லறைக்குப் போகிறவர்கள், பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றாத கல்லறை ஏதாவது இருந்தால் அங்கேயும் ஒன்று வைத்துவிட்டு வாருங்கள். ஓதிலோ 'எல்லோருக்காகவும்' என்றுதானே சொன்னார்.